விரல்களுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கஸ்தூர்பா சாலைக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன் என்று வெள்ளைக்காரர் பெயர்களை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் இந்தப் பழைய கன்டோன்மென்ட் பேட்டைகளில் ஆட்டோ பேரத்தைத் தமிழிலேயே முடித்துவிடலாம். அரை மணி நேரத்தில் கஸ்தூர்பா சாலை. 1865-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம், அதையொட்டி வெங்கடப்பா கலைக்கூடம், விஸ்வேஸ்வரய்யா தொழில் - தொழில்நுட்ப அருங்காட்சியகம், 2023 பிப்ரவரியில் கதவு திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகமான ‘மேப்’ எல்லாம் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. கண்ணுள்ளவருக்கு அது ஒரு விடுமுறை நாளின் பொழுதுபோக்கு. பார்வையற்றவருக்கோ அந்தப் பயணம் நடைபாதையில் தொடங்கி ‘தொடாதீர்கள்’ என்ற பலகையில் முடிந்துவிடுகிறது. அந்தப் பலகையையும் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு கேள்வி எழும். நாகரிகம் கருதி வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கண் தெரியாதவருக்கு ஓவியக்கூடம் எதற்கு? பள்ளிக்கூடம் வேண்டும், வேலை வேண்டும், பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். ஓவியம் அவ்வளவு அவசரமா?

கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பார்வைக் குறைபாடு என்றாலே முழு இருட்டு என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்றது. இவர்களில் எல்லோரும் இருட்டில் இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மை, குறைபார்வை என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறது. கண்ணாடி போட்ட பிறகும், மற்றவர் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டருக்குள் வந்தால்தான் பார்க்க முடிகிற நிலையிலிருந்து குறைபார்வை தொடங்குகிறது. சிலருக்கு நடுப்பகுதி மங்கி ஓரம் மட்டும் தெரியும். சிலருக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் தெரியும். இன்னும் சிலர் நாற்பது, ஐம்பது வயதுவரை நன்றாகப் பார்த்துவிட்டுச் சர்க்கரை நோயாலோ கண் அழுத்த நோயாலோ பார்வையை இழந்தவர்கள். அவர்களுக்குச் சிவப்பு என்றால் என்னவென்று தெரியும். வீட்டுக் கூடத்தில் தொங்கிய ரவிவர்மா காலண்டர் நினைவிருக்கும். கண் போனதோடு அந்த ரசனையும் போய்விட்டது என்று தீர்மானிக்க மற்றவர்களுக்கு என்ன அதிகாரம்?

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தாது. வடிவம் கண்ணுக்கு மட்டும் சொந்தமானதல்ல. குயவர் சக்கரத்தில் மண்ணை எடுக்கும்போது பானையின் சுவர் எவ்வளவு தடிமன் என்று சொல்வது அவருடைய விரல்தான். நெசவாளியும் பட்டின் தரத்தைத் தடவித்தான் சொல்கிறார்.

இந்தியக் கலை வரலாற்றிலேயே இதற்கு மறுக்க முடியாத ஒரு சாட்சி இருக்கிறது. சாந்திநிகேதனின் வினோத் பிகாரி முகர்ஜிக்குப் பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலும் பார்வை குறைவு. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் பிரம்மாண்டமான சுவரோவியங்களைத் தீட்டினார். நேபாள அரசு அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் இருந்தார். 1950களில் கண் அறுவை சிகிச்சை ஒன்று தோற்று, இருந்த பார்வையும் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். மெழுகில் உருவங்கள் பிடித்தார். கலா பவனின் சுவருக்குப் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரத்தை அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972-ல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ ஆவணப்படம் இவரைப் பற்றியதுதான். பார்வையற்ற ஒருவர் கலையைப் படைக்கலாம், ஆனால் ரசிக்க வழியில்லை என்றால் அது வேடிக்கைதான்.

அருங்காட்சியகங்கள் எப்போதும் இப்படித் தொடவிடாமல் இருந்ததுமில்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சேகரிப்புகளைப் பார்க்கப் போன கனவான்களும் சீமாட்டிகளும் பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது சாதாரணம். கூட்டம் பெருகிய பிறகுதான் கண்ணாடிப் பெட்டி வந்தது, கயிறு வந்தது, காவலர் வந்தார். சாமானிய மக்கள் உள்ளே வரத் தொடங்கிய காலமும் தொடக்கூடாது என்ற விதி இறுகிய காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த விதியில் முதலில் ஓட்டை போட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் நகரத்து அருங்காட்சியகப் பொறுப்பாளர் சார்ல்டன் டீஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்து, பதப்படுத்திய விலங்குகளையும் சிலைகளையும் தொட்டுப் பார்க்கவிட்டார். பயன் என்ன என்பதை 1913-ல் தன் துறையினர் முன்னிலையில் விளக்கவும் செய்தார். ஆனால் அவர் போட்ட பாதை நீண்ட காலம் புல் முளைத்துத்தான் கிடந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கும் சுற்றுகளை 1972-ல் தொடங்கியது. இத்தாலியின் அன்கோனா நகரத்தில் பார்வையற்ற தம்பதி ஒருவரின் முயற்சியால் 1993-ல் உருவான ஓமெரோ அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் தொடலாம். 2015-ல் மாட்ரிட் நகரத்தின் பிராடோ அருங்காட்சியகம் தன் ஆறு ஓவியங்களைப் புடைப்புப் பிரதிகளாக்கி விரல்களுக்குத் திறந்துவிட்டது.

அதே 2015-ல் டெல்லி தேசிய அருங்காட்சியகமும் ‘அனுபவ்’ என்ற பெயரில் ஒரு கூடத்தைத் திறந்தது. அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்து தேர்ந்தெடுத்த 22 பொருள்களின் பிரதிகள், பிரெய்ல் குறிப்புகள், ஒலி வழிகாட்டி எல்லாம் அங்கே வைக்கப்பட்டன. பெங்களூரின் மேப் ஒரு படி மேலே போனது. பழைய கட்டடத்தில் பிற்பாடு ஒட்டுப்போடும் நெருக்கடி அதற்கு இல்லை. புதிதாகக் கட்டியதால் மாற்றுத்திறனாளிகளைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தது. காட்சிக் கூடங்களில் தொட்டு உணரும் படைப்புகளும் இடம்பெற்றன.

ஓர் ஓவியத்தைத் தொட்டு உணரும்படி செய்வது எப்படி? கோடுகளை மேலே எழுப்பிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. கண் ஒரே பார்வையில் முழுப் படத்தையும் அள்ளிக்கொள்கிறது. விரல் அப்படியல்ல, துண்டுதுண்டாகச் சேர்த்துத்தான் முழுமைக்கு வந்து சேரும். விரல் நுனியால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கீழே இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவது கடினம். பிரெய்ல் புள்ளிகள் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல. ஆகவே ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டிய ராஜபுத்திர நுண்ணோவியத்தை அப்படியே புடைப்பாக்கினால் விரலுக்குக் கிடைப்பது சொரசொரப்பு மட்டும்தான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். ஒருவகையில் இது மொழிபெயர்ப்பு வேலை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கவிதை செத்துப்போவதுபோல, கோட்டுக்குக் கோடு எழுப்பினால் ஓவியம் செத்துப்போகும்.

தூரத்தில் நிற்பவரை ஓவியர் சிறியதாக வரைகிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவரின் விரலுக்கு அவர் குழந்தையாகத் தெரியலாம். நிழல் ஒரு பொருள்போலத் தட்டுப்படலாம். அதனால்தான் நல்ல தொடுபடம் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு குரலும் வரும். ‘இடது கையை மேல் மூலையில் வையுங்கள், அங்கே ஜன்னல். கீழே வாருங்கள், சொரசொரப்பாக இருப்பது பாய்’ என்று அது கூட்டிப்போகும். அந்தக் குரலின் தரத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ‘கித்தானில் எண்ணெய் வண்ணம், 1890’ என்ற தகவல் பார்வையற்றவருக்கு எதையும் காட்டாது. ‘ஓர் அழகான பெண்’ என்பது விவரணை அல்ல, தீர்ப்பு. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கை எதைப் பற்றியிருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று சொன்னால் அழகா இல்லையா என்பதைக் கேட்பவர் முடிவுசெய்துகொள்வார்.

காப்பாளர்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, வியர்வையில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு வெண்கலத்தை அரிக்கும். நுண்துளையுள்ள கல் பிசுக்கை உறிஞ்சிக் கறுக்கும். ஒருவர் தொட்டால் ஒன்றுமில்லை, ஒரு லட்சம் பேர் தொட்டால் மூக்கு மழுங்கிவிடும். ஆயிரம் வருஷம் தாங்கிய சிலையை அடுத்த ஆயிரம் வருஷத்துக்குக் காப்பாற்றும் பொறுப்பு அவர்களுடையது. அதனால்தான் உலகம் பிரதிகளை நோக்கிப் போயிருக்கிறது.

ஆனால் எந்தப் பிரதி? முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக்கில் ஒரு நடராஜரைச் சில மணி நேரத்தில் தந்துவிடும். உருவம் சரியாகவே இருக்கும். ஆனால் தொட்டால் பொம்மை. வெண்கலத்தின் குளிர்ச்சி, தட்டினால் எழும் நாதம், தூக்க முயன்றால் மிரட்டும் கனம் எதுவும் அதில் கிடையாது. கண்ணால் பார்ப்பவருக்குப் பிரதியின் பொருள் முக்கியமில்லை. விரலால் பார்ப்பவருக்கோ பொருள்தான் பாதிச் சிலை.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டின் கையிலேயே பதில் இருக்கிறது. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சோழர் காலத்து முறையும் அடிப்படையில் இதுதான். எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலங்களுக்கோ தஞ்சைக் கலைக்கூடத்து வெண்கலங்களுக்கோ தொடுவதற்கான பிரதி வேண்டுமென்றால் வெளிநாட்டு இயந்திரத்தைத் தேட வேண்டியதில்லை. கும்பகோணம் பக்கம் போனால் போதும். அதே உலோகத்தில், அதே முறையில், அதே கனத்தில் வார்த்துத் தருவார்கள். மெழுகு நிலை, மண் அச்சு, பிசிறு நீக்காத வார்ப்பு, முடிந்த சிலை என்று நாலு கட்டங்களையும் வரிசையாக வைத்தால் கண்ணுள்ளவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை எடுத்துக்கொள்ளலாம். 1011-ம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலம். சுற்றிக் கட்டிய ஜடாபாரத்தோடு, ஒரு காலைக் குறுக்கே மாற்றிவைத்து ஒய்யாரமாக நிற்கும் சிவன், காளையின்மேல் கை ஊன்றியிருக்கிறார். ஆனால் காளை இல்லை. அது கிடைக்கவேயில்லை. பார்க்கிறவர்கள் பலர் குறிப்பைப் படித்த பிறகுதான் காளையைப் பற்றியே யோசிப்பார்கள். விரல் அப்படி நழுவவிடாது. தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கைக்குக் கீழே போனால் ஒன்றுமில்லை. எதன்மேலோ சாய்ந்த கைக்குக் கீழே காற்று மட்டும். வந்தவரை அதே மாதிரி நிற்கச்சொல்லி, கையை நாற்காலி முதுகில் வைக்கச்சொன்னால் அந்த நிற்பின் எடை எங்கே போகிறது என்பது உடம்பிலேயே விளங்கிவிடும். பத்துப் பக்கக் கட்டுரை சொல்லாததை இது சொல்லும்.

கஸ்தூர்பா சாலையிலும் விரலுக்கான பொருள் நிறையவே இருக்கிறது. அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள ஆதகூர் நடுகல் அதில் ஒன்று. காட்டுப்பன்றியோடு மோதி மாண்ட காளி என்ற வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல் அது. நாயும் பன்றியும் மோதும் காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய கன்னடக் கல்வெட்டு அதே கல்லில் இருக்கிறது. 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த செய்தியையும் இந்தக் கல்தான் சொல்கிறது. மைசூர் அரசவை ஓவியர் வெங்கடப்பா, மலைக் காட்சிகளைத் தீட்டியதோடு நிற்காமல், சுதையில் புடைப்புச் சித்திரங்களும் செய்தவர். அவர் பெயரிலுள்ள கலைக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. மூலத்தைத் தொட வேண்டாம். அச்செடுத்துக் கல்லிலும் சுதையிலும் ஒரு பிரதி செய்து ஓரத்தில் வைத்தால் போதும்.

குறைபார்வை உள்ளவர்களின் தேவை வேறு. அவர்களுக்குப் பிரெய்ல் பெரும்பாலும் உதவாது. பெரிய எழுத்து, பளிச்சென்ற நிற வேறுபாடு, கண் கூசாத வெளிச்சம் வேண்டும். சாம்பல் சுவரில் வெள்ளியெழுத்தில் சின்னதாக அச்சடித்த குறிப்பு வடிவமைப்பாளருக்கு விருது வாங்கித்தரலாம், இவர்களுக்கு அது வெறும் சுவர்தான். இங்கே ஓர் உண்மையான மோதலும் இருக்கிறது. நீர்வண்ணமும் புகைப்படமும் ஒளிபட்டு வெளிறிவிடும். அதனால் அவற்றின்மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் விழக்கூடாது என்பது அருங்காட்சியக உலகின் வழக்கம். அந்த மங்கலில் குறைபார்வைக்காரருக்குச் சட்டம்தான் தெரியும், படம் தெரியாது. மூலத்துக்குப் பக்கத்தில் பின்னொளியுள்ள பெரிய பிரதி ஒன்று வைக்கலாம். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி தரலாம். இரண்டுக்கும் செலவு அதிகமில்லை.

பிரெய்லிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த மொழியில்? 1951-லேயே இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் உருவாகிவிட்டது. தமிழ் ‘க’வுக்கும் கன்னட ‘க’வுக்கும் புள்ளிகள் ஒன்றுதான். ஆனாலும் அருங்காட்சியகம் என்றால் ஆங்கிலம் என்ற பழக்கம் விடவில்லை. பெங்களூரில் கன்னடம் கட்டாயம் வேண்டும். தமிழ், உருது, தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்தும் ஆள்கள் வருவார்கள். எல்லா மொழிக்கும் பலகை வைக்க இடமில்லை என்பது சரி, ஒலிப்பதிவுக்கு இடப் பிரச்சினை கிடையாது. பார்வையற்றவர்களில் பிரெய்ல் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு பகுதியினர்தான். நடுவயதில் பார்வை இழந்தவர் பிரெய்லைக் கற்பதற்குள் பேசும் கைப்பேசியைக் கற்றுவிடுகிறார். பிரெய்ல் பலகை ஒன்றை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது, திண்ணையில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு விருந்து போட்டதாகச் சொல்வதற்குச் சமம்.

இதெல்லாம் கருணையில் செய்யும் காரியமும் அல்ல. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, கலை அவர்களுக்கு எட்டும்படி செய்வதை அரசின் கடமைகளில் ஒன்றாகவே சொல்கிறது. 2007-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையும் பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையைத் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. அணுகல் வசதிகளுக்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. குறைவு எங்கே என்றால், திறப்பு விழாவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில்.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். பார்வையற்ற பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து, சிலையின் மேல் கை வைக்கச்சொல்லிப் புகைப்படம் எடுத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பிவைக்கும் விழாக்கள் அன்று நிறைய நடக்கும். பிப்ரவரியில் ஒருவர் தனியாக வந்தால் ஒலிக்கருவியில் பேட்டரி இருக்காது. தொடுகூடத்தின் சாவி விடுப்பில் போனவரிடம் இருக்கும். பிரெய்ல் புள்ளிகள் தேய்ந்திருக்கும். ‘முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே’ என்பார்கள். மற்ற பார்வையாளர் யாரும் முன்கூட்டியே தகவல் சொல்வதில்லை.

தனிக் கூடம் நல்ல தொடக்கம். ஆனால் அதையே முடிவாக்கிவிடக் கூடாது. மனைவியும் பிள்ளைகளும் மாடியில் ஓவியம் பார்க்க, குடும்பத் தலைவர் மட்டும் கீழே ஓர் அறையில் பிரதிகளைத் தடவிக்கொண்டிருப்பது சேர்ந்து வந்ததாகாது. தொடுபடம் மூல ஓவியத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் அப்பா விரலால் கண்டதை மகள் கண்ணால் சரிபார்ப்பாள். மகள் கவனிக்காததை அப்பா சொல்வார். வாசலில் நிற்கும் காவலருக்குப் பயிற்சி தருவதற்குப் பெரிய பணம் வேண்டாம். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையை நீட்டத் தெரிந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டம் தீட்டும் மேஜையில் பார்வையற்றவர்கள் சம்பளத்தோடு உட்கார வேண்டும். செய்து முடித்த பிறகு கருத்துக் கேட்பது மரியாதை, செய்வதற்கு முன் கேட்பதுதான் புத்தி.

இந்த முயற்சிகள் வெற்றி பெற்றன என்பதற்கு அடையாளம், வந்தவர்கள் நெகிழ்ந்து கண்கலங்குவதல்ல. நெகிழ்ச்சி முதல் தடவைக்கானது. ஒருவர் மூன்றாம் தடவையாக, யார் துணையும் இல்லாமல் வந்து, ஒரு புதுச் சிற்பத்தை நிதானமாகத் தடவிப்பார்த்துவிட்டு, ‘இது ஒன்றும் பிரமாதமில்லை, போன மாதம் வைத்திருந்தது நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்ததை நோக்கி நகர வேண்டும். விமர்சிக்கிற உரிமையும் சேர்ந்து கிடைத்தால்தான் ஓர் அருங்காட்சியகம் ஒருவருக்குச் சொந்தமாகிறது.